வெனிலா அடிப்பிடிக்கும் கைகள்

என் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அண்ணன் அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, என் அம்மா அடுப்படியில் வைத்து என் காதில், "ஆள் வர்றதுக்கு முன்னாடி மூக்கு வந்துடும் போல" என்று சொல்லிச் சிரித்தாள். சொல்லி வாய் மூடவில்லை, அந்த மூக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றது. "அத்தை, கேஸ் கசியுது. ஜன்னலைத் திறங்க" என்றாள் அண்ணி. எங்களுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே குறை சொல்கிறாளே என்று அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆள் வந்து பார்த்தபோது குழாயில் கீறல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கும் மூக்கு இருக்கிறது, மூச்சு விடுவதற்கு. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். டீசல் வாடையிலும் பிள்ளைகளின் காலுறை வாடையிலும் பாதி ஆயுள் போனதில் என் மூக்கு எப்போதோ வேலையை விட்டுவிட்டது. அதன் நுனியில் மிச்சமிருப்பது கோபம் மட்டும்தான். கல்யாணம் காட்சி என்று எனக்கு எதுவும் அமையவில்லை. அண்ணன் குடும்பம் மூன்றாம் மாடியில், நான் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில். அவர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் படிக்கட்டு வழியாக எனக்கு வந்துவிடும்.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான். அளவு பார்ப்பது டாக்டர். வில்லை வெட்டுவது பின்னால் இருக்கும் பட்டறை. கண்ணாடியை முகத்தில் உட்கார வைப்பது அண்ணி. சட்டத்தின் கம்பியைச் சூட்டுக் காற்றில் இளக்கி, காதுக்குப் பின்னால் எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைத்து, மூக்கின் மேல் அழுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிற வேலை. அதனால் கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: சென்ட் கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு வாசனை ஷாம்புகூடக் கூடாது. வாசனை என்றால் உயிரை விடுகிற ஒருத்தி வாரம் முழுக்க வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவிய பாத்திரமாக வேலைக்குப் போய் வந்தாள். விடுமுறை நாளில்தான் அவளுக்கு மணம்.

அந்த விடுமுறை நாட்களிலும் அவள் காத்திருந்தது இலையுதிர்காலத்துக்கு. தெருவில் மரங்கள் மஞ்சளாகி, காலையில் வேனின் கண்ணாடியைத் துடைக்காமல் கிளம்ப முடியாது என்று ஆகும்போது, அவள் பெயருக்கு ஒரு சின்னப் பெட்டி தபாலில் வரும். வேறு ஏதோ ஊரில் ஒரு பெண் தன் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து வாசனை எண்ணெய்கள் கலக்கிறாள். கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது, இணையத்தில் ஒரு பக்கம் மட்டும். நாங்கள் அவளை எண்ணெய்க்காரி என்போம். பருவத்துக்கு ஒரு வரிசை கொண்டுவருவாள். இலையுதிர்கால வரிசைதான் பெரியது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சீசாக்களில் மாதிரி அனுப்புவாள். போட்டுப் பார்த்துப் பிடித்ததைப் பெரிய சீசாவாக வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெயர்களைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'மழையில் நனைந்த மரக்கதவு' என்று ஒன்று. மரக்கதவு நனைந்தால் உப்பிக்கொண்டு மூடாது, அதை எதற்கு மேலே பூசிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். 'ஆளில்லாத நூலகம்', 'கடைசி ஆப்பிள்', 'அணைந்த அடுப்பு'. இவற்றை வந்த உடனே திறக்கவும் கூடாதாம். தபாலில் குலுங்கி வந்த எண்ணெய் இருட்டு அலமாரியில் கிடந்து களைப்பாற வேண்டுமாம். நான் நாளெல்லாம் வேன் ஓட்டிவிட்டு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது, எண்ணெய்க்கு மட்டும் ஓய்வு!

எண்ணெய் களைப்பாறி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் அவள் மகளும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்காருவார்கள். மகளுக்கு நான் வைத்த பெயர் வாலு. நடக்கத் தொடங்கிய வயதில் என் வேன் சாவியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பள்ளிக்கூட நாட்களில் தொடங்கியது இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம். மணிக்கட்டில் ஒரு சொட்டு. போட்ட உடனே ஒரு தரம், அரை மணி கழித்து ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மோந்து பார்ப்பார்கள். நடுவில் மூக்கு குழம்பிப் போனால் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து மூச்சு இழுப்பார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழங்கையை மோந்துகொண்டிருப்பதைப் பார்த்து என் அண்ணன், "டாக்டர்கிட்ட காட்டலாமா, இல்ல நேரா அட்மிட் பண்ணிடலாமா?" என்று என்னைக் கேட்பான்.

அதில் ஒரு விதி இருந்தது. யாரும் தன் கையைத் தானே மோந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. எண்ணெய் தோலோடு சேர்ந்து ஊறிய பிறகு வருகிற வாசனைதான் உண்மையான வாசனை, ஆனால் சொந்தத் தோல் சொந்த மூக்குக்குத் தெரியாது என்பாள் அண்ணி. அதனால் அரை மணி கழிந்ததும் "கையை நீட்டு" என்பாள். வாலு நீட்டுவாள். அம்மா மகள் கையை மோந்து சொல்வாள், மகள் அம்மா கையை மோந்து சொல்வாள். நான் அங்கே இருந்தால் என் கையிலும் ஒரு சொட்டு விழும்.

அப்படித்தான் அந்த விஷயம் தெரிய வந்தது. வெனிலா கலந்த எண்ணெய் என் கையில் வெனிலாவாகவே இருந்தது, என் அண்ணன் கையிலும் அப்படியே. அண்ணி கையிலும் வாலு கையிலும் மட்டும் அரை மணியில் அது அடிப்பிடித்த பாலாக மாறியது. ரோஜா போட்டால் தகர டப்பாவின் வாடை. ஆனால் புகை, எல்லோருக்கும் கரிக்கிற புகை, அவர்கள் இருவர் தோலில் மட்டும் இனிக்கும். எண்ணெய்க்காரிக்கு எழுதிக் கேட்டார்கள். ஒவ்வொருவர் தோலும் ஒரு மாதிரி, ஆனால் இப்படி மூன்றும் சேர்ந்து மாறுவதை நான் கேள்விப்பட்டதில்லை என்று அவள் பதில் எழுதினாள். வாலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அத்தை, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தோல். உங்க குடும்பத்துலேர்ந்து எனக்கு வந்தது இந்தக் கோபம் மட்டும்தான்" என்றாள்.

அந்தக் கோபம் எங்கள் குடும்பத்துச் சொத்துதான், மறுக்கவில்லை.

வாலு படிக்க வெளியூர் போனாள். இலையுதிர்காலத்தில் மட்டும் எப்படியாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். கடைசி வருஷம், ஒரு குளிர்காலத்தில், என் அண்ணனுக்கு வயிற்று வலி என்று தொடங்கியது. கணையத்தில் கட்டி என்றார்கள். மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு அண்ணி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "வாலுகிட்ட சொல்லாத. பரீட்சை முடியட்டும்."

பரீட்சை வசந்தகாலத்தில். இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அண்ணன் படுக்கையில் கிடந்து, "வாலு எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "பரீட்சை முடிஞ்சதும் வந்துடுவா" என்பாள் அண்ணி. போன் வந்தால் தலையணையை நிமிர்த்தி, தண்ணீர் கொடுத்து, குரலைச் சரிசெய்ய வைத்துப் பேச வைப்பாள். அவனும் நன்றாகத்தான் பேசினான். வேலை அதிகம், சளி, தொண்டைக் கட்டு என்று என்னென்னவோ சொன்னான். கடைசித் தாள் எழுதுவதற்கு முன்பே போய்விட்டான்.

வாலு வந்து அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"குளிர்காலத்துலேர்ந்து" என்றாள் அண்ணி. பிறகு, "உன் நல்லதுக்குத்தான்டி" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. அதை ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தாலும் போயிருக்கும். அந்த வாரம் முழுக்க, சமையலறையில், படிக்கட்டில், வாலு பெட்டி கட்டும்போது, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். உன் நல்லதுக்குத்தான், படிப்பு கெடக் கூடாதுன்னுதான். வாலு துணியை மடித்து முடித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நம்பரை மாற்றிவிட்டாள். என் அழைப்பையும் எடுக்கவில்லை. நன்றாக இருக்கிறாள், ஏதோ ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறாள் என்று அவள் தோழி ஒருத்தி எனக்குச் சொன்னதோடு சரி.

அந்த வருஷம் அண்ணி பெட்டி வரவழைக்கவில்லை. அடுத்த வருஷம் வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். எதிர் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, அரை மணி கழித்துக் கையை நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி."

அடுத்த கையை நீட்டினாள்.

"இது?"

"இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்."

"உன்னை வெச்சுக்கிட்டு..." என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நான் என்ன செய்வது? இல்லாத மூக்குக்கு எங்கே போவது? பாத்திரங்களை எடுத்துப் போய்க் கழுவினேன்.

எண்ணெய்க்காரியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு எண்ணெய்க்கும் கீழே வாங்கியவர்கள் கருத்து எழுதலாம். அண்ணி அதில் எழுதத் தொடங்கினாள். அங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. அண்ணி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கண்ணாடிக்காரி. மூன்றாவது இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, நான் வேனைக் கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன், படிக்கட்டில் தடதடவென்று சத்தம். போனைப் பிடித்தபடி, ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக அண்ணி வந்து நின்றாள்.

"படி" என்றாள்.

'அணைந்த அடுப்பு' எண்ணெய்க்குக் கீழே ஈரக்கம்பளி என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். 'எல்லோரும் இதில் வெனிலா இனிக்கிறது என்கிறீர்கள். என் கையில் வெனிலா எப்போதும் அடிப்பிடித்த பாலாகிவிடும். புகைதான் எனக்கு இனிக்கிறது. ரோஜாவைப் பற்றிக் கேட்காதீர்கள், தகரம்.'

"அவதான்" என்றாள் அண்ணி.

"அண்ணி, உலகத்துல எத்தனை தோல் இருக்கும். இன்னொருத்தருக்கு இப்படி இருக்கக் கூடாதா?"

"பவர் ஒரே மாதிரி நூறு பேருக்கு வரும். ஆக்சிஸும் சேர்ந்து, ரெண்டு கண்ணுக்கும் அச்சா ஒரே மாதிரி வர்ற ரெண்டு பேரை நான் இந்தக் கடையில பார்த்ததே இல்ல." ஆக்சிஸ் என்பது வில்லையைத் திருப்பி வைக்கிற கோணம். அவளுக்கு எதையும் கண்ணாடியில் போட்டுத்தான் சொல்ல வரும். "மூணும் சேர்ந்து வருது பாரு. வெனிலா, ரோஜா, புகை. எண்ணெய்க்காரியே கேள்விப்பட்டதில்லன்னு சொன்னாளே."

"அப்ப நேரா கேட்டுடுங்க."

"கேட்டா பறந்துடுவா" என்றாள். அவள் மகளை அவளுக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். அதனால் நானும் சும்மா இருந்தேன்.

அண்ணி கேட்கவில்லை. அந்தக் கருத்துக்குக் கீழே, 'எனக்கும் இப்படியே. வெனிலா அடிப்பிடிக்கும்போது கழுவிவிடாதீர்கள், சாயங்காலம் வரை பொறுத்தால் புகை அதை மூடிவிடும்' என்று எழுதினாள். பதில் வந்தது. அண்ணி மறுபடி எழுதினாள். ஒவ்வொரு எண்ணெயாகப் பேச்சு நகர்ந்தது. மரக்கதவைப் பற்றி எழுதினார்கள், நூலகத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் என்னிடம் படித்துக் காட்டுவாள். ஒரு நாள், 'வெறும் வயிற்றில் இதைப் போடாதே, தலை வலிக்கும். சாப்பிட்டுவிட்டுப் போடு' என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் 'நீ' என்று எழுதியது தெரிந்தது. அன்று முழுக்க போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. பதிலில் ஈரக்கம்பளி அதைத் தட்டிக் கேட்கவில்லை. 'சாப்பிட்டேன். கேட்டதற்கு நன்றி. யாரும் கேட்பதில்லை' என்று இருந்தது.

"வேற யாரா இருந்தா ஏன் நீ வா போன்னு எழுதறன்னு கேட்டிருக்க மாட்டாங்களா?" என்றாள் அண்ணி. அந்த வாரங்களில் அவள் நடை மாறியிருந்தது. கடையில் யாரோ, புதுசா ஏதாவது கிரீம் போடறீங்களா என்று கேட்டார்களாம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அது வாலுவாகவே இருக்கட்டும் என்று வேன் ஓட்டும்போதெல்லாம் நினைத்தேன்.

பிறகு அந்த வரி வந்தது. 'இந்தத் தோல் உனக்கு யாரிடமிருந்து வந்தது?' என்று அண்ணி தைரியம் வந்து கேட்டிருந்தாள். ஈரக்கம்பளி எழுதினாள்: 'அம்மாவிடமிருந்து. அவரோடு பேசாமல் இருப்பது பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இந்த எண்ணெயைப் போட்டதும் பழகவில்லை என்று தெரிந்தது.'

அதை நான் இரண்டு தடவை படித்தேன். அண்ணி போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தேகம் என்று எனக்குள் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அன்றோடு போனது.

எண்ணெய்க்காரி அந்த வருஷம் புதிதாக ஒன்று செய்தாள். தன் ஊரில் ஓர் அறை பிடித்து, பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் வந்து இலையுதிர்கால வரிசையைப் போட்டுப் பார்க்கலாம் என்று அறிவித்தாள். 'நான் வருகிறேன்' என்று ஈரக்கம்பளி எழுதினாள். 'நீங்களும் வருவீர்களா, கண்ணாடிக்காரி?'

சனிக்கிழமை காலை என் வேனில் கிளம்பினோம். பள்ளிக்கூட வேனில் இரண்டே பேர். அண்ணி முன் இருக்கையில், சாயம் போன ஒரு சாம்பல் நிறச் சட்டையில். நல்லதாக ஏதாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்றேன். ஜோடித்துக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று வாலுவுக்குத் தோன்றக் கூடாதாம். பாதையெல்லாம் இலை கொட்டியிருந்தது.

"இந்தத் தடவை நல்லதுக்குத்தான்னு சொல்ல மாட்டேன்" என்றாள் திடீரென்று.

"பின்ன என்ன சொல்வீங்க?"

"தப்புன்னு சொல்வேன். அவ அப்பாகிட்டேயிருந்து அவளைப் பிரிச்சுட்டேன். அவகிட்டேயிருந்து அவரையும். ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே முடிவு பண்ணிட்டேன். அது எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்ல வாய் வரல, அவ்வளவுதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "திட்டினா திட்டட்டும். ஒரு தடவை சொல்லிட்டா போதும்."

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தையல் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது அந்த அறை. மூக்குகளுக்கு மூச்சு விட ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன, குளிரில் பல் கிட்டியது. நீள மேஜையில் சீசாக்கள். வாசலில் நின்ற எண்ணெய்க்காரி, நான் மனசில் வைத்திருந்ததைவிடச் சின்னப் பெண், ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு ஒரு சீட்டில் எழுதிச் சட்டையில் ஒட்டிவிட்டாள். அண்ணியின் சட்டையில் 'கண்ணாடிக்காரி' ஏறியது. என்னைப் பார்த்து, "உங்க பேர்?" என்றாள். "டிரைவர்" என்றேன். அதையும் எழுதி ஒட்டிவிட்டாள்.

உள்ளே ஒரு பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். அண்ணி கண்ணால் துழாவினாள். நானும் துழாவினேன். இளம் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் வாலு இல்லை. இன்னும் வரவில்லை போல என்று நான் சொல்ல வாயெடுத்தபோது ஜன்னலோரத்திலிருந்து யாரோ எழுந்து எங்களை நோக்கி வேகமாக வந்தார்கள்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நரைத்த தலை, தடித்த கண்ணாடி, அதன் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சட்டையில் ஒட்டியிருந்த சீட்டில் 'ஈரக்கம்பளி' என்று இருந்தது.

"கண்ணாடிக்காரி! நீங்கதானா?" அவர் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "நான் உங்களை எவ்வளவு வயசானவங்களா நினைச்சுட்டேன் தெரியுமா? அம்மா மாதிரி எழுதுவீங்களே, சாப்பிட்டியா தூங்கினியான்னு. பார்த்தா என்னைவிடச் சின்னவங்க!"

அண்ணி சிரித்தாள். எங்கிருந்து அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடையில் சிடுசிடுக்கிற ஆட்களிடம் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பாக இருக்கலாம். என்னால் முடியவில்லை. என் அண்ணன் மகள் மேல் அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. எங்கே போய்த் தொலைந்தாய், ஒரு தடவை வந்து திட்டிவிட்டாவது போயிருக்கலாமே என்று மனசுக்குள் கத்தினேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் என்னைப் பார்த்து ஓர் அடி நகர்ந்து நின்றார்.

"அண்ணி, போயிடலாம்" என்றேன் மெதுவாக.

"இரு" என்றாள். "அவங்க கண்ணாடி சரிஞ்சிருக்கு."

உட்கார்ந்தார்கள். அண்ணி அந்த அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி, கம்பியை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி, காதுக்குப் பின்னால் வளைத்து மாட்டிவிட்டாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம் அந்த அம்மா. தனியாக இருக்கிறாராம். எண்ணெய்க்காரி 'அணைந்த அடுப்பு' சீசாவை நீட்டினாள். அந்த அம்மா தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு அன்று வாய் ஓயவில்லை. அண்ணி உம் கொட்டினாள். நான் சுவரோரம் நின்று வேன் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா இருந்தவரைக்கும் அவங்கதான் என் கையை மோந்து சொல்லுவாங்க" என்றார் அந்த அம்மா. "அவங்க போய் வருஷம் ஆச்சு. எனக்கு நானே மோந்து பார்த்தா ஒண்ணும் தெரியறதில்ல. இப்ப ஊறியிருக்கும், அரை மணி ஆயிடுச்சு. உங்களுக்கும் இதே தோல்தானே, நீங்க சொன்னா சரியா இருக்கும்." அவர் கையை நீட்டினார்.

அண்ணி அதை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தாள். மோந்தாள். நிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

எனக்கு மூக்கு இல்லை. ஆனால் அந்தக் கையில் என்ன வாசனை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாக என் கையிலும், அவள் கையிலும், இந்த உலகத்தில் வேறு எதிலும் அவளுக்குக் கிடைக்காத வாசனை. பக்கத்தில் போய் நின்றேன். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள் அந்த மணிக்கட்டிடம். "மறைச்சது தப்புடி. அவர் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு, வாலு எப்ப வருவான்னு. நான்தான் சொல்லல. தப்புடி."

அந்த அம்மா திகைத்துப் போய் என்னை அண்ணாந்து பார்த்தார். மகள், என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இன்னொரு கையால் தன் நாற்காலியை அண்ணியின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அண்ணிக்குத் தன்னினைவு வந்தது. முகத்தைத் துடைத்தாள். ஆனால் கையை விடவில்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் நேரம்... வாசனை போற வரைக்கும்."

"எண்ணெயாச்சே, சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்றார் அந்த அம்மா. "எனக்கும் அதுவரைக்கும் பஸ் கிடையாது. வெச்சுக்குங்க."